அரிசியைக் குறைக்கச் சொன்னார்கள், அப்பா பட்டறையில் மயங்கி விழுந்தார்: நோயாளிக்குச் சொல்லித்தருவது யார் வேலை?

குகைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 54. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகப் பற்றவைக்கும் வேலை செய்கிறார். காலை ஒன்பது மணிக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர, இரவு எட்டு மணி வரை எழுந்திருப்பது அரிது. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 90 கிலோ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தம், சென்ற ஆண்டு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, இவற்றோடு இரண்டு முழங்கால்களிலும் வலி.

இரண்டு மாதங்களுக்கு முன் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனோம். கூட்டம் அதிகம். எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம் இருக்கும். "எடையைக் குறையுங்கள், அரிசியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அடுத்தது இன்சுலின்தான்" என்று சொல்லி, அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதில் ஓட்ஸ், பிரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் ஆகியவை இருந்தன. இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டு அடுப்படிக்குள் இதுவரை நுழைந்ததில்லை. அப்பா பட்டியலை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, இன்சுலின் என்ற சொல்லுக்குப் பயந்து, மறுநாளிலிருந்து சோற்றை அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் ஒரு டம்ளர் மோர், மதியம் ஒரு கிண்ணம் பொரியல், அவ்வளவுதான். மாத்திரைகளை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை அது.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிவாக்கில், பட்டறையிலேயே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி, அப்படியே சாய்ந்துவிட்டார். நெருப்பருகே உட்கார்ந்திருந்த சூட்டினால் வந்த மயக்கம் என்று எண்ணி, உடன் வேலை செய்பவர்கள் மின்விசிறியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேலை செய்பவரின் மனைவிக்கும் சர்க்கரை நோய் இருப்பதால், அவருக்கு மட்டும் விஷயம் புரிந்து, டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரை வாங்கி வந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு மருந்துக்கடையில் சோதித்தபோதே 58 தான் இருந்தது என்றால், முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கு எந்த அறிவுரையிலும் நம்பிக்கையில்லை. "குறைத்தால் மயக்கம் வருகிறது, பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, மாலையில் தட்டுவடை செட்டு வாங்கிச் சாப்பிடுவதை முன்பைவிடத் தாராளமாக்கிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்குச் சொல்லித்தந்து திருத்த முடியுமா என்று பெரியப்பா கேட்கிறார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். நோயாளிக்கு நோயைப் பற்றிச் சொல்லித்தருவதால் உண்மையிலேயே பலன் உண்டா? உண்டென்றால் அதை யார் செய்வது, எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். சேலம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி எட்டு ஆண்டுகள் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில்தான் இருந்தேன்.

மற்றதைப் பேசும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், 108ஐ அழைக்க வேண்டும். இதை அப்பாவுக்குச் சொன்னால் மட்டும் போதாது. மயங்கிக் கிடக்கும்போது அவரால் எதையும் செய்ய முடியாதல்லவா? ஆகவே, பட்டறையில் அவருக்கு இரண்டு பக்கமும் உட்காருபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல்லித்தருவது என்றால் என்ன என்பதை நானே வெகுகாலம் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். அம்மாபேட்டையில் தறிக்காரர் குடும்பத்து அம்மா ஒருவர் மாதந்தோறும் வருவார். ஒவ்வொரு முறையும் "எண்ணெயைக் குறையுங்கள்" என்பேன், அவரும் "குறைத்துவிட்டேன் சிஸ்டர்" என்பார். எடை மட்டும் அசையாது. இரண்டு ஆண்டுகள் இப்படியே போயிற்று. பொய் சொல்கிறார் என்றுதான் மனத்துக்குள் நினைத்திருந்தேன். ஒருநாள் மழையால் கூட்டமில்லை. பொழுதுபோகாமல், "மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் என்றார். முன்பு ஆறு லிட்டராம்! அவர் குறைத்தது உண்மை; எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை நான் ஒருநாளும் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சுமார் மூன்று தேக்கரண்டி வரும். அந்த வீட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். அன்று லிட்டர் பாட்டில் ஒன்றில் மார்க்கர் பேனாவால் நான்கு கோடுகள் போட்டுக் கொடுத்து, இரண்டு பாட்டில்கள் ஒரு மாதம் என்றால் ஒரு வாரத்துக்கு எத்தனை கோடு இறங்கலாம் என்று அவரையே கணக்குப் போடச் சொன்னேன். "இரண்டு" என்றார். அப்பளம் பொரித்த எண்ணெயை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவரே திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அதன் பின் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பேசி முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போனதும் மருமகள் கேட்டால் என்ன சொல்வீர்கள், அதை எனக்கு இப்போது சொல்லிக்காட்டுங்கள்" என்பேன். அவர் சொல்வதில் விட்டுப்போனது, நான் சரியாகச் சொல்லாதது. அதை மட்டும் மறுபடியும் சொல்வேன். உங்கள் அப்பாவிடம் அன்று, "நாளைக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள், மாத்திரையை எப்போது போடுவீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், மோரும் பொரியலும் அங்கேயே தெரியவந்திருக்கும்.

உங்கள் அப்பாவின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 90 கிலோவை 1.65 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் 33 வருகிறது. இதைத்தான் உடல் நிறை எண் (BMI) என்கிறார்கள். உலக அளவில் 30க்கு மேல்தான் உடல் பருமன் என்பார்கள். நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன். எடை பார்க்கும் கருவி இல்லாவிட்டாலும் தையல்காரர் டேப் ஒன்று போதும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். அதற்காக அவர் நாளையே 60 கிலோவுக்கு வர வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. முதலில் ஐந்து விழுக்காடு, அதாவது நாலரைக் கிலோ. அதைச் சொல்லும்போது முழங்காலிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமையில் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரையின் எண் அவருக்கு வலிக்காது, முழங்கால் தினமும் வலிக்கிறது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவை அழைத்துப் போங்கள். சோறு வடிப்பவரை வீட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடுபவருக்கு மட்டும் பாடம் நடத்துவது எங்கள் துறையின் பழைய வழக்கம். 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுவதும் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்களில் பலர் அதே தெருக்காரர்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாமல், சந்தேகங்களை அவர்களிடம் கேட்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரர் எழுதியது:

நானும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன்தான். இவருடைய அப்பா வேலை செய்வது என் பட்டறையில் அல்ல. செவிலி அம்மா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் அதில் ஒரு குறை உண்டு.

எங்கள் தொழிலில் கூலி, செய்யும் சரக்கின் எடைக்குத்தான். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று யார் பாடம் எடுத்தாலும், எழுந்தவனுக்கு அன்றைய கூலி குறையும். இன்னொன்றையும் சொல்கிறேன். பட்டறைக்கு டீ எப்படி வருகிறது தெரியுமா? கடைப் பையன் ஒரே ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவான்; சர்க்கரை அதிலேயே கலந்திருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை வரும். சர்க்கரை வேண்டாம் என்று படித்துத் தெரிந்துகொண்டவனுக்கும் அதே டீதான். வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாரும் குடிக்கும்போது ஒருவன் மட்டும் அப்படி உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள், நான்கு பேருக்குச் சர்க்கரை நோய். இத்தனை ஆண்டுகளில் எந்த மருத்துவரும் என்னிடம் வந்து எதையும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இதை எழுதும்போதுதான் எனக்கே தோன்றுகிறது. இரண்டு ஃபிளாஸ்க் கொண்டுவரச் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் நட்டமில்லை. திங்கட்கிழமை சொல்லிப் பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டி நீரிழிவு மருத்துவர் எழுதியது:

நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்தளவு சொல்லுவது முறையன்று. ஆகவே பொதுவானவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மயக்கத்தின் காரணம். மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. கிளிமிப்பிரைடு அப்படியன்று, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கும்படி தூண்டுவது அது. சோறு நின்றது, மாத்திரை நிற்கவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. உங்கள் அப்பா எடுத்த முடிவு "குறைத்தால் மயக்கம் வரும்" என்பது. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது பிழையான முடிவன்று, தகவல்தான் பாதி. உணவைக் குறைப்பதற்கு முன் மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு 850 கலோரி அளவே கொண்ட உணவைத் தொடங்கிய அன்றே நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். அதில் ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுப்பாட்டு அளவுக்குள் வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள்; மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து, அப்பாவிடம் இருப்பவை நான்கு தனித்தனி நோய்கள் என்று குடும்பத்தினர் நினைத்துப் பயந்துபோவார்கள். ஆனால் நான்கையும் இணைப்பது ஒரே கொழுப்புதான். தோலுக்கடியில் இடம் கொள்ளாத கொழுப்பு, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேருகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. இரவு முழுவதும் இரத்தத்துக்குள் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. இரவு இரண்டே சப்பாத்தி சாப்பிட்டவருக்குக் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 170 இருப்பது இதனால்தான். அதே கொழுப்புதான் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது, முழங்காலையும் அழுத்துகிறது. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரைவிட நமக்கு இந்த உள்வயிற்றுக் கொழுப்பு கூடுதல். செவிலி அம்மா சொன்ன 23, 25 என்ற நம் நாட்டு வரம்புகள் அதனால் வந்தவை. எடையில் ஏழு முதல் பத்து விழுக்காடு குறைந்தால் கல்லீரலின் அழற்சியே தணியத் தொடங்கும்.

பெரியப்பாவின் ஐயத்துக்கு வருகிறேன். பலன் உண்டு, ஆனால் நேரம் வேண்டும். நீரிழிவுக் கல்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c என்ற சோதனையின் எண்ணை) ஒரு புள்ளி குறைப்பதற்கு நோயாளியோடு மொத்தம் 23.6 மணி நேரம் செலவிட வேண்டியிருந்தது என்று கணக்கிட்டது. மாதம் ஒருமுறை மூன்று நிமிடம் என்ற எங்கள் வழக்கப்படி பார்த்தால், அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகும். நானும் அந்த மூன்று நிமிட மருத்துவர்களில் ஒருவன்தான். வெளியே எழுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது வேறு வழி தெரிவதில்லை. கல்வியை நிறுத்தினால் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதை ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்பவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

மருத்துவர் அல்லாதவர்கள் கற்பிப்பது ஒன்றும் புதிதன்று. அமெரிக்காவில் ஜாஸ்லின் என்ற மருத்துவர், இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918இல் நோயாளிகளுக்கான கையேடு எழுதினார். பின்னர் வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் செவிலியர்களையும் பயிற்றுவித்தார். நம் பக்கத்தில், 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கினார். சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் பற்றித் தொடர்ந்து சொல்லித்தந்ததால், நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்குக் கிடைத்தது 26.4. அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்களின் கைப்பேசிக்கு இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. பட்டறைக்காரர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது ஆய்வை. உட்கார்ந்த இடத்துக்கே செய்தி போனது, கூலி குறையவில்லை.

ஏற்காட்டு வாசகி எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். பருமனான உடம்போடு வாழ்பவளாக நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மலைமேல் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் எடை 96 கிலோ. இரவில் குறட்டையும், மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும், பகலில் கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுவதுமாக இருந்தேன். உறக்க மூச்சுத்தடை என்று அதற்குப் பெயர் என்பதும், எடைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனை நடத்திய "விழிப்புணர்வு வகுப்பு"க்குப் போனேன். எடை பார்க்கும் கருவியை நடைவழியில் வைத்திருந்தார்கள். ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது வரிசையில் யாரோ சிரித்தார்கள். வகுப்பில் பேசியவர் "வாயைக் கட்டினால் எல்லா நோயும் போகும்" என்று மூன்று முறை சொன்னார். பிறகு ஓராண்டு நான் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை. அந்த ஓராண்டில்தான் எனக்குச் சர்க்கரை நோய் வந்திருக்க வேண்டும். பார்க்காததால் எந்த மாதம் என்று சொல்ல முடியாது.

வாயைக் கட்டுவது பற்றி எனக்குப் பின்னால் தெரியவந்தது இது. எடை குறைந்தவுடன் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டி, வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்புகளைக் குறைத்துவிடுகிறது. ஓராண்டு கழித்தும் அந்த மாற்றம் நீடிக்கிறது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இதை முதலிலேயே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், எட்டாவது மாதத்தில் இரண்டு கிலோ திரும்ப ஏறியபோது, என்னிடம் மனவுறுதி இல்லை என்று அழுதிருக்க மாட்டேன்.

இப்போது 84 கிலோ. ஆறு மாதமாக அதிலேயே நிற்கிறது. குறட்டை குறைந்துவிட்டது. இதற்கு உதவியவர் ஓர் உணவியல் ஆலோசகர். முதல் நாள் அவர் என்னை எடைக் கருவியில் ஏற்றவே இல்லை. நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, திட்டாமல் எழுதிக்கொண்டார். விரத நாள்களில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவேன், அது இலேசான உணவுதானே என்றேன். அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே, நாரும் புரதமும் இல்லாதது, சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்றார். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தம்பி, உங்கள் அப்பா பட்டியலை மடித்து அலமாரியில் வைத்தது அலட்சியத்தால் என்று நான் நினைக்கவில்லை.

குகைவாசி எழுதியது (நான்கு மாதங்களுக்குப் பின்):

எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு, கூட்டம் குறைவான ஒரு புதன்கிழமை அதே மருத்துவரிடம் போனோம். மயங்கி விழுந்த கதையை அப்பாவே சொன்னார். மருத்துவர் உடனே மாத்திரையை மாற்றி எழுதினார். அன்று சொல்லியிருக்க வேண்டும் என்று வருத்தமும் தெரிவித்தார். அது அப்பாவின் மனத்தில் பெரிய வேலை செய்தது. எண்ணெய்ப் பாட்டிலில் அம்மா கோடு போட்டார். முதல் மாதம் நான்கு பேருக்கு மூன்றரை லிட்டர், இப்போது இரண்டரை. இரண்டு லிட்டருக்கு வரவில்லை, தீபாவளிக்கு முன் வரப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டார். சோற்றை நிறுத்தவில்லை. மூன்று கரண்டி ஒன்றரையானது. காலியான இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும் வந்தன. தட்டுவடை செட்டு சனிக்கிழமை மட்டும் என்று அப்பாவே வைத்துக்கொண்டார். சில வாரங்களில் சனிக்கிழமை இரண்டு முறை வருகிறது.

செவிலி அம்மா சொன்னபடி, ஒருநாள் அப்பாவிடம், "அம்மாவுக்குத் தாழ்சர்க்கரை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்றேன். வியர்வை, நடுக்கம், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, பதினைந்து நிமிடம் என்று வரிசையாகச் சொன்னவர், நினைவு தப்பினால் வாயில் ஊற்றக் கூடாது என்பதை விட்டுவிட்டார். அதை மட்டும் மறுபடியும் சொன்னேன். இப்போது சட்டைப் பையில் பீடிக் கட்டு இருந்த இடத்தில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. பீடி வேட்டி மடிப்புக்கு இடம் மாறியிருக்கிறது, அது வேறு சண்டை.

எடை 90லிருந்து 86.2. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1லிருந்து 7.8. முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும் என்கிறார். பட்டறையில் இன்னும் ஒரே ஃபிளாஸ்க்தான். அப்பா வீட்டிலிருந்து தனியாக எடுத்துப் போகிறார்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் ஆர்டர் நெருக்கடியில் இரவு பன்னிரண்டு, ஒரு மணி வரை வேலை நடக்கும். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ என்று தள்ளிப்போகும். இரவு மாத்திரையை எப்போது போடுவது?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நெருக்கடி தொடங்கும் முன்பே கேட்டது நல்லதாயிற்று, தம்பி. பொதுவாக, சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை சாப்பாட்டோடுதான் நகர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணிக்குப் போட்டுவிட்டுப் பதினொன்றுக்குச் சாப்பிட்டால் பழைய கதைதான். ஆனால் இப்போது எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பது எனக்குத் தெரியாது. ஒரு தாளில் அந்த மூன்று வாரத்தில் அவர் எழும் நேரம், மூன்று வேளைச் சாப்பாட்டு நேரம், டீ நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றை அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு ஐப்பசி பிறக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரவு ஏழு மணிக்குக் கொறிக்கப் பட்டறைக்கு ஒரு டப்பா சுண்டல் கொடுத்தனுப்ப முடியுமா என்று அம்மாவிடம் இப்போதே கேட்டுவையுங்கள். பக்கத்தில் உட்காருபவர் அந்த வாரங்களில் வேறு ஆளாக இருந்தால், அவருக்கும் சர்க்கரைப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடச் சொல்லுங்கள்.